மாமாவின் காருக்கு நான் பூசிய அரக்கு

எண்ணெய் ஒழுகாத பழைய கார் எஞ்சினை இரண்டே இடத்தில்தான் பார்க்கலாம். ஒன்று, அதை விற்க வந்தவரின் பேச்சில். இன்னொன்று, எண்ணெயே ஊற்றாமல் கொட்டகையில் நிற்கும் காரில். மற்றதெல்லாம் ஒழுகும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒழுகலை நிறுத்துகிறேன் பேர்வழி என்று கிளம்புகிறவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு ஒரு காலத்தில் நானே தலைவனாக இருந்தவன்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பாங்க் அதிகாரி, யாரோ ஜமீன்தார் வைத்திருந்த காரை வாங்கி வந்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை எஞ்சினில் இருந்த அத்தனை திருகு மரையிலும் சுற்றி வைத்திருந்தார், மனுஷன். எனக்கு ரத்தம் கொதித்தது. உட்கார வைத்துப் பாடம் எடுத்துவிட்டேன். மரையில் இரண்டு ஜாதி உண்டு. முனை சிறுத்துப் போகும் மரை, தானே இறுகித் தானே அடைக்கும். அதற்கு மட்டும்தான் பூச்சு. நேர் மரை எதையும் அடைக்காது. அங்கே அடைப்பது அடியில் இருக்கும் செப்பு வாஷர். வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மெத்தென்று ஆக்கிப் போட வேண்டும். பூசுகிற மரையிலும், முனையிலிருந்து முதல் இரண்டு சுற்றைச் சுத்தமாக விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் பூச்சு உள்ளே போய் எண்ணெய் வழியை அடைத்துவிடும்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க ரெவின்யூ டிபார்ட்மெண்ட்ல தாசில்தாரா இருந்தவர்தானே சார், இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார்.

இந்தக் கேள்விக்கு நான் இதுவரை யாருக்கும் பதில் சொன்னதில்லை. என்னைத் தவிர எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் தப்பும் தவறுமாக. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன்.

அப்போது தர்மபுரி, சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. மதுவிலக்கு வந்த புதிது. மாகாணத்திலேயே முதலில் எங்கள் ஜில்லாவில்தான் கொண்டுவந்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ. தேறியிருந்தேன், வேலை இல்லை. சும்மா இருக்க வேண்டாமென்று பம்பாயிலிருந்து தபால் மூலம் மோட்டார் எஞ்சினீயரிங் படித்துக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினெட்டுப் பாடம், பதினாலு வந்திருந்தது. ஓர் எஞ்சினை மட்டும் அதுவரை தொட்டதில்லை. (அது ஒரு குறையாக எனக்குத் தோன்றவே இல்லை என்பதைக் கவனிக்கவும்.)

ஊரில் எங்கள் உறவுக்குள் கார் வைத்திருந்தவர் ஒருவர்தான்: என் தாய்மாமன். வக்கீல். தாலுகா மதுவிலக்குப் பிரசாரக் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு காபித் தோட்டத்து துரையிடம் வாங்கிய கார் அது. துரை ஏன் அவ்வளவு சந்தோஷமாக விடைபெற்றார் என்பது மறுநாள் தெரிந்தது. நின்ற இடமெல்லாம் தட்டு அகலத்துக்குக் கறுப்பாகக் குளம் கட்டியது. எந்தக் கட்சிக்காரர் வீட்டுக்கு வக்கீல் வந்து போனார் என்பதை எதிர்க்கட்சி வக்கீலின் குமாஸ்தா வாசலைப் பார்த்தே சொல்லிவிடுவான். மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போனால், "ஐயா குடிக்க வேணாங்கறாரு, வண்டி நிக்கற எடத்திலெல்லாம் ஊத்திக்கிட்டே போவுது" என்று பேசிக்கொண்டார்கள். மாமாவுக்கு அது குத்தியது.

அந்த மாமாவுக்கு ஒரு மகள், ருக்மணி. எனக்கு முறைப்பெண். அவள் எனக்குத்தான் என்று சிறுவயதிலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, நான் பி.ஏ. தேறிய பிறகு பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மறந்துபோனார்கள். சேலத்தில் ஒரு மாப்பிள்ளை கிடைத்திருந்தான். சென்னையில் நிஜ எஞ்சினீயரிங் படித்துக்கொண்டிருந்தவன். தபாலில் இல்லை, கட்டடத்துக்குள். அடுத்த மாதம் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். நான் போய் மாமாவின் முன்னால் நின்றேன். என்ன விஷயம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பதினாலு பாடம் படிச்சிட்டியாமே," என்றார். "அடுத்த சந்தைக்குக் காரிமங்கலத்துல கூட்டம். அதுக்குள்ள இந்த ஒழுகல நிறுத்திக் காட்டு. ஒரு சொட்டு விழக் கூடாது. அப்புறம் உம் பேச்ச எடுக்கலாம்."

கதவுக்குப் பின்னாலிருந்து ருக்மணியின் குரல் வந்தது. "மரை எந்தப் பக்கம் சுத்தினா கழலும்னாச்சும் தெரியுங்களா?"

தெரியும் என்றேன். பாடம் மூன்றில் இருந்தது.

ஒழுகலுக்கு மருந்து பாடம் பதினொன்றில் இருந்தது. அரக்கைச் சாராயச் சத்தில், அதாவது ஸ்பிரிட்டில், கரைத்து மரையில் பூசித் திருக வேண்டும். அரக்குக்குப் பஞ்சமில்லை. சித்தேரி மலையிலிருந்து கொம்பரக்கு கொண்டுவந்து கடைகளில் போடுவார்கள். குச்சியோடும் பூச்சியோடும் ஒரு பொட்டலம் வாங்கினேன். ஸ்பிரிட்தான் சிக்கல். மதுவிலக்கு ஜில்லாவில் ஸ்பிரிட் வாங்க பர்மிட் வேண்டும். நான் சட்டத்தை மதிக்கிறவன். நல்ல கையெழுத்தில் மனு எழுதி எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி படித்தார். கார் ஒழுகுகிறது என்பதற்குக் கிராம முன்சீப்பிடம் சர்டிபிகேட் வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். ஒழுகுவது எண்ணெய்தான் என்று அதில் எழுதவில்லை என்றார். அதையும் எழுதி வாங்கி வந்தேன். கார் மாமா பெயரில் இருப்பதால் மனுவும் மாமா பெயரில் இருக்க வேண்டும் என்றார். மதுவிலக்குக் கமிட்டித் தலைவர் ஸ்பிரிட் கேட்டு மனுப் போடுவதா? நான் வாசலில் நின்று அந்த ஆபீசையே வாய்விட்டுத் திட்டினேன். (பிற்காலத்தில் அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து முப்பது வருஷம் மனு பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: அந்தக் குமாஸ்தா கேட்டது அத்தனையும் சரி. நானாக இருந்தால் எல்லாவற்றிலும் இரண்டு நகல் கேட்டிருப்பேன்.)

சந்தைக்கு மூன்று நாள்தான் இருந்தது. முனுசாமியிடம் போனேன்.

முனுசாமி மதுவிலக்குக்கு முன்னால் சாராயக் கடைக் குத்தகைக்காரர். கடை போன பிறகு வண்டி தள்ளி கோலி சோடா விற்றுக்கொண்டிருந்தார். என் மாமாவின் பெயரைக் கேட்டாலே அவருக்குப் பல் கூசும். நான் சுற்றி வளைக்காமல் ஒரு புட்டி சாராயம் வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குடிக்கறதுக்குங்களா?"

"காருக்கு."

"எந்தக் காருங்க?"

"மாமாவோடதுதான். மரையில பூசறதுக்கு."

சோடா வண்டியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் தெரிந்தது. பழைய தொழிலை நினைத்து வருந்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடக்கிய சிரிப்பு என்று இப்போது தெரிகிறது. வீட்டுக்குள் போய்ப் பெரிய புட்டி ஒன்றை முந்தின நாள் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார். "வக்கீல் ஐயா வண்டிக்குன்னா மட்டமானதத் தரக் கூடாதுங்க," என்றார். சட்டத்துக்குப் பயந்து தொழிலை விட்ட மனிதரிடம் அந்தப் புட்டி எப்படி இருந்தது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. பி.ஏ.யில் அதைச் சொல்லித் தருவதில்லை.

கொம்பரக்கை இடித்துச் சாராயத்தில் போட்டேன். ஸ்பிரிட்டில் என்றால் பாகு மாதிரிக் கரைந்திருக்கும். சாராயத்தில் பாதி தண்ணீர். அரக்கு கரையவும் இல்லை, கரையாமலும் இல்லை. சிவப்பாக, கட்டி கட்டியாக, கேழ்வரகுக் கூழில் பீட்ரூட்டைப் போட்ட மாதிரி ஒன்று வந்தது. நல்ல கெட்டியாக இருக்கிறதே என்று எனக்குத் திருப்தி. எஞ்சினில் ஒழுகிய இணைப்புகள் மூன்று. அதில் முக்கியமானது, எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் முள்ளுக்குப் போகிற சின்னச் செப்புக் குழாய் எஞ்சினோடு சேருகிற இடம். முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுப் பூசு என்றது பாடம் பதினொன்று. எனக்குப் பொறுக்கவில்லை. ஒழுகலை நிறுத்துவது என்று வந்த பிறகு அதில் என்ன கஞ்சத்தனம்? இரண்டு மரையையும் சேர்த்து, நுனி, வாய், உள்பக்கம் எல்லாம் அப்பினேன். அப்பித் திருகியதும் சுற்றிலும் சிவப்பாகப் பிதுங்கியது. அதையும் விரலால் உள்ளே தள்ளினேன். மிச்சச் சாராயத்தில் துணியை நனைத்து எஞ்சின் முழுவதையும் பளபளவென்று துடைத்தேன். அப்புறமும் பாதிப் புட்டி இருந்தது. வழியில் தேவைப்படலாம் என்று டூல் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

கூட்டத்தன்று காலையில் மாமா காருக்கு அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டார். காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பொட்டு இல்லை. என் தோளில் கை வைத்து, "பரவால்ல மாப்ளே," என்றார். பி.ஏ. தேறியபோதுகூட என்னை அவர் மாப்ளே என்று அழைக்கவில்லை.

மாமா காரை ஓட்டினார். நான் முன்னால். ருக்மணியும் அத்தையும் பின்னால். கூட்டத்தில் கடவுள் வாழ்த்துப் பாட ருக்மணி வந்தாள். பாதி தூரம் போனதும் மாமா, எண்ணெய் முள் எழும்பவே இல்லையே, பூஜ்யத்திலேயே படுத்திருக்கிறதே என்று கேட்டார். மரையைத் தாண்டி உள்ளே போன அரக்கு அந்தக் குழாயை ஆணி அடித்த மாதிரி அடைத்துவிட்டிருந்தது. அறிவுள்ளவன் அப்போதே வண்டியை நிறுத்திப் பார்த்திருப்பான். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், தண்டனையாக இருக்கட்டும்.

"இத்தன நாளும் ஒழுகறதுக்காகத் துடிச்சிட்டு இருந்துச்சுங்க மாமா. இப்ப எண்ணெய் அமைதியா இருக்குது."

மாமா தலையை ஆட்டிக்கொண்டார். சட்டம் படித்தவர், பாவம்.

சந்தை மைதானத்தில் ஒரு கட்டை வண்டியை மேடையாகப் போட்டிருந்தார்கள். காரை அதன் பக்கத்திலேயே நிறுத்தினோம். நிறுத்தினோமே தவிர அணைக்கவில்லை. அணைத்தால் ஹாண்டில் போட்டு அரைமணி நேரம் சுற்ற வேண்டும். பழைய குத்தகைக்காரர் முனுசாமியும் கூட்டத்தின் ஓரத்தில் சோடா வண்டியோடு நின்றிருந்தார். சந்தைக்கு வழக்கமாக வருகிறவர்தான். ஆனால் அன்றைக்கு அவர் சோடா விற்பதில் அக்கறை காட்டவில்லை.

ருக்மணி பாடினாள். மாமா பேசத் தொடங்கினார். நாலைந்து மாதமாக இந்த ஜில்லாவில் சாராய வாடையே இல்லை, தாய்மார்கள் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள் என்றார். எல்லாரும் மூச்சு விட்டார்கள். அப்போதுதான் ஆரம்பித்தது. பதினைந்து மைல் ஓடிச் சூடேறிய எஞ்சின், நான் துடைத்த சாராயத்தையும், பொருத்துகளில் இடுக்கு இடுக்காக அப்பிய சாராயத்தையும் சாம்பிராணி போட்ட மாதிரி மைதானம் முழுவதும் பரப்பிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒருவர் தலையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவரும் தூக்கினார். காரிமங்கலம் சந்தையே மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற காட்சியை என் கண் மறக்காது. பிறகு கூட்டம் மேடையை விட்டு, மரியாதையாக, ஓசையில்லாமல், காரின் பக்கம் நகர்ந்தது. மாமா தன் பேச்சுக்கு வந்த நெருக்கம் என்று நினைத்துக் குரலை உயர்த்தினார்.

ஒரு பெரியவர் பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு, உண்மையான மரியாதையோடு, மேடையைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, வண்டிக்கு மட்டும் பர்மிட்டுங்களா?"

பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஹெட் கான்ஸ்டபிள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மூக்கு அவரை நேராக டூல் பெட்டிக்குக் கூட்டிச் சென்றது. திறக்கச் சொன்னார். திறந்தேன். பாதிப் புட்டி.

நான் பாடம் பதினொன்றை அவருக்கு விளக்கினேன். குறுகும் மரை, நேர் மரை, எண்ணெயின் குணம், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். "சரிங்க தம்பி, மோட்டாருக்கு எதுக்குங்க சாராயம்?" என்றார், நான் வாயே திறக்காதது போல. மாமா மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வேட்டியை மட்டும் பார்த்தேன். சலவை வெள்ளை. மெதுவான குரலில், கோர்ட்டில் பேசுகிற மாதிரி, அரக்குப் பூசியது உண்மையானால் பூசிய இடத்தைத் திறந்து காட்டினால் போதும் என்றார். நல்ல வாதம். நான் எஞ்சினை அணைக்கப் போனேன். ஹெட் கான்ஸ்டபிள் தடுத்துவிட்டார்.

"அணைக்காதீங்க. மகஜர் எழுதறப்ப எது எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்கணும்."

இதுவும் சரியான நடைமுறைதான். அதுதான் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல்.

ஓடுகிற எஞ்சினில், செப்புக் குழாயின் இணைப்பில் ஸ்பானரை வைத்தேன். சாட்சியைச் சரியாகப் பார்க்க மாமா குனிந்தார். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில், முள்ளுக்குப் போக வழியில்லாமல் காலையிலிருந்து முட்டிக்கொண்டிருந்த எண்ணெய், அரக்குக் கட்டியை முதலில் வெளியே தள்ளியது. அது போய் மாமாவின் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் சரியாக நடுவில், சிவப்பாக ஒட்டிக்கொண்டது. யாரும் வைத்திருந்தாலும் அவ்வளவு வட்டமாக வைத்திருக்க முடியாது. அடுத்து எண்ணெய் வந்தது. கழுத்திலிருந்து வேட்டிக் கரை வரைக்கும் வந்தது. மதுவிலக்குக் கமிட்டித் தலைவர் சுடச்சுட எண்ணெய் சொட்ட, சாராயம் மணக்க, பொட்டு வைத்துக்கொண்டு சந்தையின் நடுவில் நின்றார். ருக்மணி முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அத்தையின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்து என் நெஞ்சு உடைந்தது.

இனி வழக்குத்தான். புட்டியில் இருப்பது சாராயம் என்று மகஜரில் யாராவது சாட்சி சொல்ல வேண்டும். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வாடையை வைத்தே காய்ச்சிய ஊரைச் சொல்லக்கூடிய கூட்டம் அது. ஹெட் கான்ஸ்டபிள் சாட்சி கேட்டதும் சாராயம் என்றால் என்னவென்று தெரிந்தவர் அந்த மைதானத்தில் ஒருவர்கூட இல்லாமல் போனார். எல்லாரும் முனுசாமியைக் கை காட்டினார்கள். குத்தகை எடுத்தவர், அவருக்குத் தெரியாததா?

முனுசாமி சோடா வண்டியை விட்டுவிட்டு வந்தார். வருவதற்குள் சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டிருந்தது. சாராயம் என்று சொன்னால் அடுத்த கேள்வி, எங்கே வாங்கினாய் என்பது. அதற்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பது அவருக்குத் தெரியும். நான் சட்டத்தை மதிக்கிறவன் ஆயிற்றே. புட்டியை வாங்கினார். அரக்குக் கட்டிகள் மிதந்தன. ஒரு வாய் ஊற்றி, மென்று, விழுங்கினார். நெற்றி நரம்பு புடைத்தது. சாதாரணக் குரலில் சொன்னார்: "இது சாராயமே இல்லீங்க. மரச்சாமானுக்குப் பூசற பாலிஷுங்க."

"நிச்சயமா?" என்றார் ஹெட் கான்ஸ்டபிள்.

"சந்தேகமா இருந்தா இன்னொரு வாய் பாக்கறனுங்க."

பார்த்தார். பாலிஷ்தான் என்று மறுபடி சொன்னார். கேஸ் அங்கேயே முடிந்தது. பாதியாக இருந்த புட்டி காலாகியிருந்தது.

எண்ணெய் முழுவதும் போய்விட்டதால் காரை இரண்டு மாடு கட்டி இழுத்து வந்தோம். தர்மபுரி எல்லையில் மாமா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "தம்பி." மாப்ளேயாக இருந்தது அரை நாள். பின் சீட்டில் அத்தைக்கு அடிக்கடி விக்கல் வந்தது. அது ருக்மணியின் சிரிப்பு என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிவிக்கப்பட்டது.

என் கதை அதோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன். அடுத்த வாரம் சேலத்துக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. ரொம்ப மரியாதையான கடிதம். தங்கள் வீட்டில் கார் வரைக்கும் குடிப்பழக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், பையன் படிக்கிற பிள்ளை என்பதால் யோசிக்க வேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். மாமா கிருஷ்ணகிரியில் ஒரு வரன் பார்த்தார். காரிமங்கலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ் இருக்கிறதே. சேதி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மூன்றாவது இடமும் முறிந்தது. ஒரு வருஷம் பார்த்துவிட்டு மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். சர்க்கார் பரீட்சை எழுதி ஓர் உத்தியோகத்தில் உட்கார வேண்டும், எந்த ஜன்மத்திலும் ஸ்பானரைத் தொடக் கூடாது என்று பத்திரம் மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ருக்மணியைக் கொடுத்தார். என்னால் பெயர் கெட்ட வீட்டுக்கு, பெயர் கெட்டதைப் பொருட்படுத்தாதவன் நான் ஒருவன்தான் மிஞ்சினேன்.

இதனால் வந்த வினை இன்றைக்கும் ஓயவில்லை. பேரன் பேத்திகள் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதெல்லாம், பாட்டியுடையது காதல் கல்யாணமா, பெரியவர்கள் பார்த்து வைத்ததா என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. ருக்மணியும் வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்.

"ரெண்டும் இல்ல. ஒழுகல்."

எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் இதை வன்மையாக மறுக்கிறேன். அன்றைக்கு அந்த இணைப்பு ஒழுகவே இல்லை. தர்மபுரியிலிருந்து காரிமங்கலம் வரைக்கும் பதினைந்து மைல், அதற்கு மேல் மாமாவின் பிரசங்கம் முழுவதும், ஒரு சொட்டு, அரைச் சொட்டு கீழே விழவில்லை. நான் கழற்றியதனால்தான் எண்ணெய் வந்தது. கழற்றினால் எந்த இணைப்பிலிருந்தும் வரும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் சாப்பிட எழுந்து போய்விடுகிறார்கள்.